ஐந்தாம் அறைச் சங்கு

எனக்குச் சத்தம் ஆகாது. அதனால்தான் குளிர்பதனக் கிடங்கில் கணினி பார்க்கும் வேலை எனக்குப் பொருந்தியது. அங்கே நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம்.

வேலை வாங்கித் தந்தவர் அத்தான், என் அக்காவின் கணவர். கிடங்கின் மேலாளர். எல்லாக் கணினியிலும் புது ஆன்டிவைரஸைப் போடச் சொன்னவரும் அவரே. மறுநாளே அபாயச் சங்குகள் ஊமையாயின.

நீங்கள் கேட்டதால் சொல்கிறேன், இன்ஸ்பெக்டர் ஐயா. ஆறு அறைகளையும் கரியமில வாயுவால் குளிர்விக்கிறோம். கசிந்தால் வாசனை வராது; மூச்சை மட்டும் அடைத்துவிடும். அறைக்கு ஒரு கணினி அளவைக் கவனிக்கும். அளவு மீறினால் அதிலுள்ள புரோகிராம் தன்னைப் போலவே ஒரு நகலை எழுப்பிச் சங்கை ஊதவைக்கும். அந்த நகல் இயங்கத் தேவையான லைப்ரரி ஃபைல்கள், மூலத்தில் இருந்த அதே முகவரியில் நினைவகத்தில் உட்கார வேண்டும். ஆன்டிவைரஸ் ஒவ்வொரு புரோகிராமுக்குள்ளும் தன் ஃபைலை நுழைத்து, அந்த இடத்தை முந்திப் பிடித்துக்கொண்டது. நகல் எழுந்ததும் செத்துவிடும். திரையில் எண்கள் மட்டும் ஒழுங்காக ஓடும்.

எல்லாவற்றையும் நிறுத்தி, ஒவ்வொரு லைப்ரரிக்கும் மோதாத புது முகவரி கொடுத்தேன். இரண்டு நாள் ஆயிற்று. ஆறு சங்கும் ஊதின.

அன்று சாப்பாட்டு அறையில் கணக்கர் என்னைப் பாராட்டினார். அத்தான் சிரித்தார்.

"இவனா? அது தானா சரியாயிருக்கும். இவன் பக்கத்துல நின்னு வேடிக்கை பார்த்திருப்பான். இவங்க அக்கா மூக்கைச் சிந்தினாளேன்னுதான் வேலை போட்டுக் குடுத்தேன். என்ன மாப்ளே, பொய்யா?"

"இல்ல அத்தான்," என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

முகவரி மாற்றாத பழைய லைப்ரரி ஃபைல்களை எடுத்துவைத்திருந்தேன். சாயங்காலம் ஐந்தாம் அறைக் கணினியில் மட்டும் அவற்றைத் திரும்பப் போட்டேன். அந்த அறையின் வால்வு பழசு. தினமும் காலை பத்து மணிக்கு அத்தான் அங்கே சரக்கு பார்க்கப் போவார். வாரச் சோதனைப் பதிவேட்டில் 'சங்கு சரியாக உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஏழு வாரம் போட்டேன்.

வால்வை நான் தொடவில்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எட்டாவது வாரம், செவ்வாய்க்கிழமை, பத்தேகாலுக்கு எண் ஏறியது. நான் திரைக்கு முன்னால்தான் இருந்தேன். அங்கிருந்து ஐந்தாம் அறைக் கதவுக்குப் பன்னிரண்டு எட்டு. முன்பே நடந்து பார்த்திருக்கிறேன். தேநீர் ஆறுவதற்குள் எண் உச்சத்தைத் தொட்டது. குடித்துவிட்டு எழுந்துபோனேன்.

அத்தான்கூடப் போயிருந்த இரண்டு சுமைதூக்கிகள் மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. ஒருவர் கதவுவரை தவழ்ந்து வந்திருந்தார்.

அத்தான் போய்விட்ட செய்தியை அக்காவிடம் நானே போய்ச் சொன்னேன். என் தோளில் சாய்ந்து அழுதாள். இதையெல்லாம் அவளிடம் சொல்லிவிடாதீர்கள், ஐயா. இப்போது அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?