எடுத்து வைத்த பிடி

அரிசியில் வண்டு விழாமல் இருக்க எல்லோரும் வேப்பிலை போடுவார்கள். அது மூன்று மாதம் தாங்கும். வசம்பைத் துணியில் முடிந்து டிரம்மின் அடியில் ஒன்று, நடுவில் ஒன்று, மேலே ஒன்று வைத்தால் ஒரு வருஷத்துக்குக் கவலை இல்லை. அரிசியாக வைக்காமல் நெல்லாகவே வைத்தால் இன்னும் நல்லது. நேற்று உங்கள் ஆட்கள் அந்த அறையைத் திறந்தபோது ஒரு வண்டாவது கண்ணில் பட்டதா என்று கேட்டுப் பாருங்கள். பட்டிருக்காது.

நீங்கள் கேட்டது என் தங்கை கிறிஸ்டினாவைப் பற்றி. அதற்குத்தான் வருகிறேன், சார். அறையைப் பற்றிச் சொல்லாமல் அவளைப் பற்றிச் சொல்ல முடியாது. அந்த அறை அவளுக்காகத்தான்.

என் பெயர் ஆரோக்கிய பிரகாஷ். மூலக்குளத்தில் வைத்தியலிங்கம் முதலியாருடைய ஹார்டுவேர் கடையில் பதினாறு வருஷமாக வேலை செய்கிறேன். வில்லியனூருக்கு மேற்கே எங்கள் ஊர். மாதா கோயிலுக்குப் பின்புறம், வயலைப் பார்த்த கடைசி வீடு. அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். அம்மா போனபின் நானும் கிறிஸ்டினாவும்தான். அவளுக்கு ஒன்பது வயதிலிருந்து வலிப்பு. அதனால் கல்யாணம் அமையவில்லை. அவளை விட்டுவிட்டு நானும் செய்துகொள்ளவில்லை. காலையில் ஒரு மாத்திரை, இரவில் ஒரு மாத்திரை. அதை ஒழுங்காகப் போட்டதில் பதினோரு வருஷம் ஒரு தடவைகூட வலிப்பு வரவில்லை. ஜாக்கெட் தைப்பாள். கோயில் பாட்டுக் குழுவில் பாடுவாள். நீங்கள் அவளை ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்திருந்தால் நோயாளி என்றே நினைத்திருக்க மாட்டீர்கள்.

கொரோனா ஊரடங்கு வந்தது. எங்கள் பக்கம் நம் ஊர்கள் தமிழ்நாட்டுக்கு நடுவே துண்டு துண்டாகக் கிடப்பது உங்களுக்குத் தெரியும். பாகூருக்குப் போக வேண்டுமென்றால் நடுவில் தமிழ்நாட்டுக்குள் புகுந்து வெளியே வர வேண்டும். அந்த நாட்களில் ஒவ்வொரு எல்லையிலும் தடுப்பு. கிறிஸ்டினாவின் மாத்திரை தீர்ந்துபோனது. ஆறு மருந்துக் கடை ஏறி இறங்கினேன். சரக்கு வரவில்லை என்றார்கள். மூன்றாம் நாள் அடுப்பங்கரையில் விழுந்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டு, வாயோரம் ரத்தத்தோடு, என் மடியில் கிடந்தாள். அன்றும் மறுநாளும் சேர்த்து மூன்று தடவை. ஐந்தாம் நாள் மாத்திரை கிடைத்தது. கடைப் பலகையில் இருப்பது நம்முடையது இல்லை, நம் வீட்டுக்குள் இருப்பதுதான் நம்முடையது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். இது தப்பான எண்ணம் என்று நீங்களும் சொல்ல மாட்டீர்கள்.

இரண்டு வருஷம் கழித்துக் கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் என்ன நடந்தது என்று பார்த்தோம். பெட்ரோலுக்கு வரிசை, பால் மாவுக்கு வரிசை, ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை. படகில் ஏறிப் பிள்ளைகளோடு இந்தப் பக்கம் வந்து இறங்கினார்கள். நம்மைப் போலப் பேசுகிற, நம்மைப் போலச் சாப்பிடுகிற ஜனங்கள். கடையில் அந்தச் செய்தியைப் படித்துவிட்டு முதலியார் சிரித்தார். "பிரகாசு, ஒரு நாளைக்கு இங்கயும் ரூபா நோட்டு வெறும் காயிதமா பூடும்டா. அப்ப நீயும் நானும் ஆணியத்தான் துன்னணும்." அவர் அதை விளையாட்டாகச் சொன்னார். நான் வீட்டுக்கு எடுத்துப் போனேன்.

அபிஷேகப்பாக்கத்தில் செல்லப்பன் என்று ஒரு விவசாயி, கடைக்கு வந்து போகிறவர். அவரிடம் போகத்துக்குப் போகம் நெல் வாங்கினேன். நீல நிற பிளாஸ்டிக் டிரம் பதினான்கு. கல் உப்பு, புளி, மண்ணெண்ணெய், இரண்டு அரிக்கேன் விளக்கு, கையால் சுற்றுகிற மாவு அரைக்கும் கல், தண்ணீருக்குக் கொல்லையில் அடிபம்பு. எல்லாம் ஒரேயடியாக இல்லை. அக்கம்பக்கம் கண் உறுத்தாமல், கொஞ்சம் கொஞ்சமாக. கெட்ட காலம் வந்தால் முதலில் வந்து நிற்பவன் பக்கத்து வீட்டுக்காரன்தான். அவன்மேல் கோபம் இல்லை. அவனுக்கும் பசிக்கும், அவ்வளவுதான்.

அதனால் வீட்டுக்கு ஆள் வருவதைக் குறைத்தேன். ஜாக்கெட் தைக்கக் கொடுப்பவர்கள் நடுக்கூடம் வரை வருவார்கள், அங்கிருந்து பார்த்தால் அறை தெரியும். தையலை நிறுத்தச் சொன்னேன். பாட்டுக் குழுவில் பேச்சோடு பேச்சாக வாய் நழுவும். அதையும் நிறுத்தினேன். கிறிஸ்டினா எதிர்த்துப் பேசுகிறவள் இல்லை. ஆனால் ஒரு நாள் கடையிலிருந்து வந்தபோது டிரம்களில் சாக்பீஸால் பெயர் எழுதி வைத்திருந்தாள். ரோஸி, வெண்ணிலா, செல்வகுமாரி என்று பாட்டுக் குழுவில் இருந்தவர்களின் பெயர்கள். ஒரு டிரம்மின் மேல் உட்கார்ந்து இன்னொரு டிரம்மோடு பேசிக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி இது?" என்றேன்.

"நீ ஆள உடமாட்ட. இவங்களாவது எழுந்து பூடாம இருக்காங்க இல்ல? செல்வகுமாரிதான் ரொம்ப வெயிட்டு. நிஜத்துலயும் அப்டித்தான்."

நானும் சிரித்தேன். எங்கள் வீட்டில் சிரிப்பே இல்லை என்று ரோஸி மேரி உங்களிடம் சொல்லியிருப்பாள். அது உண்மை இல்லை.

இந்த ரோஸி மேரி அடுத்த தெருக்காரி, பள்ளிக்கூடத்திலிருந்தே கிறிஸ்டினாவின் சிநேகிதி. அவள் ஒருத்திதான் வருவதை நிறுத்தவில்லை. வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்புவேன். ஒரு தடவை என்னைப் பார்த்து, "இன்னாண்ணா, தங்கச்சிய ஊறுகா மாதிரி ஜாடியில போட்டு மூடி வச்சிட்டீங்களா? தொறந்து பாத்தா உப்பு பூத்துக் கெடக்கப் போறா," என்றாள். மரியாதை இல்லாத பேச்சு. ஆனாலும் நான் முகம் சுளிக்கவில்லை.

நெல் சேர்ந்தது. உப்பு சேர்ந்தது. மாத்திரை மட்டும் சேரவில்லை. ஆஸ்பத்திரியில் இரண்டு மாதத்துக்குத்தான் கொடுப்பார்கள். மருந்துக் கடையில் சீட்டில் எழுதியதற்கு மேல் ஒன்றுகூடத் தர மாட்டார்கள். அதற்கு மேல் கேட்டால் சந்தேகமாகப் பார்ப்பார்கள். எல்லாவற்றையும் சேர்த்து வைத்துவிட்டு, எதற்காகச் சேர்த்தேனோ அதை விட்டுவிட்டேனே என்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

போன வருஷத் தவக்காலத்தில்தான் வழி தெரிந்தது. உங்களுக்கு எங்கள் வழக்கம் தெரியுமோ தெரியாது, ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பு அது. சாம்பல் புதனிலிருந்து ஒவ்வொரு நாளும் உலை வைக்கும்போது அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனியாகப் போடுவோம். பிடி அரிசி என்போம். கடைசியில் வரும் பெரிய வாரத்தில் அதைக் கோயிலில் கொண்டுபோய்க் கொடுத்தால் ஏழைகளுக்குப் போகும். அம்மா அதில் கண்டிப்பு. மூட்டையிலிருந்து தனியாக ஒரு பிடி எடுத்துப் போட்டால் ஒத்துக்கொள்ள மாட்டாள். அன்றைக்குச் சாப்பிட அளந்ததிலிருந்துதான் எடுக்க வேண்டும். "எடுத்தது வயித்துக்குத் தெரியணும். தெரியலன்னா அது காணிக்க இல்ல," என்பாள்.

கிறிஸ்டினா உலை வைத்து, ஒரு பிடி எடுத்து டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தாள். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். வெளியிலிருந்து ஒன்றும் வர வேண்டாம். அளந்ததிலிருந்தே எடுக்கலாம்.

அம்மா போனதிலிருந்து அவளுக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பது நான்தான். அவள் உள்ளங்கையை நீட்டுவாள், நான் வைப்பேன், பார்க்காமல் வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பாள். அன்று இரவு மாத்திரையை எடுத்து வைத்துக்கொண்டு, அதே அளவில் வெள்ளையாக இருக்கிற சுண்ணாம்புச் சத்து மாத்திரை ஒன்றை வைத்தேன். உடம்புக்கு அதுவும் நல்லதுதான். நாற்பது நாள் மட்டும் என்று நினைத்திருந்தேன்.

ஒரு வாரத்திலேயே கேட்டாள். "ண்ணா, ராத்திரி மாத்திர வேற மாதிரி கீது. நாக்குல மாவாட்டம் ஒட்டுது."

"கம்பெனி மாத்திட்டாங்க."

"இன்னா கம்பெனியோ. பழசு கசந்தாலும் சுருக்குனு எறங்கிடும்." அதற்கு மேல் கேட்கவில்லை. என்னை நம்புகிறவள்.

ஈஸ்டர் வந்தது. அம்மாவின் பழைய பிஸ்கெட் டப்பாவில் நாற்பது மாத்திரை இருந்தது. நாற்பதைப் பார்த்தபோது அது எவ்வளவு குறைவு என்று தெரிந்தது. நிறுத்தவில்லை.

மே மாதம் வலிப்பு வந்தது. ஊரடங்குக்குப் பிறகு முதல் தடவை. எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது, சார். ஆனால் அம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. எடுத்தது தெரியத்தான் செய்யும். இப்போதே கொஞ்சம் குறைவாகப் பழகிக்கொண்டால், ஒன்றுமே கிடைக்காத காலத்தில் உடம்பு திடுக்கிடாது. மழைக்கு முன்னால் கூரையை வேய்வது மாதிரிதான்.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். நான் கூட்டிப் போகவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. மாத்திரை தவறாமல் போடுகிறாயா என்று டாக்டர் அவளைத்தான் கேட்டார். "எங்கண்ணன் மறக்கவே மறக்காது டாக்டர். ஜொரத்துல படுத்தாக்கூட எழுந்து வந்து குடுக்கும்," என்றாள். டாக்டர் என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார். பிறகு அளவை ஏற்றி எழுதினார். வேளைக்கு இரண்டு. டப்பா அதற்கப்புறம் சீக்கிரம் நிறைந்தது.

மூக்கில் அடிக்கிற ஸ்பிரே ஒன்றும் எழுதிக் கொடுத்தார். வலிப்பு ஐந்து நிமிஷத்துக்கு மேல் நிற்காவிட்டால் அதை அடித்துவிட்டு உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும் என்று இரண்டு முறை சொல்லி, என்னைத் திருப்பிச் சொல்ல வைத்தார். தப்பில்லாமல் சொன்னேன். அடுத்த தடவை அதை உபயோகித்துவிட்டோம் என்று சொல்லி இன்னொன்று வாங்கினேன். அதற்கடுத்த தடவை மூன்றாவது. மூன்றையும் துணியில் சுற்றி டப்பாவில் வைத்தேன்.

ஒரு வருஷத்துக்கு மேல் இப்படியே போனது. அவள் மெலிந்தாள். பேச்சு குழறியது. டிரம்களின் மேல் எழுதிய பெயர்கள் அவளுக்கே மறந்துபோய், வெண்ணிலாவை ரோஸி என்று கூப்பிட்டாள். நான் கடைக்குப் போகும்போது வாசலில் நிற்பாள், திரும்பும்போதும் அதே இடத்தில் நிற்பாள். நடுவில் உள்ளே போனாளா என்று கேட்டால் தெரியாது என்பாள். சில சாயங்காலங்களில் நாங்கள் இருவரும் வயலைப் பார்த்துக்கொண்டிருப்போம். தூரத்தில் சாலையில் பஸ் போகும். உலகத்தில் கடைசியாக மிஞ்சிய இரண்டு பேர் நாங்கள்தான் என்பது போலத் தோன்றும். எனக்கு அது பிடித்திருந்தது என்று சொன்னால் நீங்கள் தப்பாக நினைப்பீர்கள்.

போன மாதம் எங்கள் கோயில் திருவிழா. கொடியேற்றி ஒன்பதாம் நாள் தேர். மத்தியானமே பேண்டுக்காரர்கள் ஊதிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். கிறிஸ்டினா தலை சீவிக்கொண்டு வந்தாள்.

"இந்த வாட்டி தேரு பாக்கணும்ண்ணா. தெருமுனையில நின்னு பாத்துட்டு வந்துடறேன்."

அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றேன்.

"அடுத்த வருஷந்தான் எல்லாம் அழிஞ்சி பூடும்னு நீ சொல்றியே. அப்புறம் தேர யாரு இழுப்பா, செல்வகுமாரி டிரம்மா?"

அவள் என்னிடம் கடைசியாகச் சொன்னது அதுதான். கொஞ்ச நேரத்தில் ரோஸி வந்து கூப்பிட்டாள். கிறிஸ்டினா தூங்குகிறாள் என்று சொல்லி அனுப்பினேன். கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினால் அவள் நடுக்கூடத்தில் கிடந்தாள். கை கால் வெட்டி இழுத்துக்கொண்டிருந்தது. ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். தலைக்குத் துணி வைத்தேன். கடிகாரத்தைப் பார்த்தேன். நாலு பத்து. நாலு பதினைந்துக்கும் நிற்கவில்லை. டப்பாவைத் திறந்து ஸ்பிரேயை எடுத்தேன்.

குழியைத் தோண்டிப் பரிசோதித்ததில் உடம்பில் மருந்து பாதிகூட இல்லை, எப்படி என்று கேட்டீர்கள். அதைச் சொல்லிவிட்டேன். வீட்டில் மூன்று ஸ்பிரே இருந்ததே, ஏன் என்று கேட்டீர்கள். இதுதான் பதில். நான் அதைக் கையில் வைத்திருந்தேன். காலாவதித் தேதியைப் படித்தேன். இன்னும் பத்தொன்பது மாதம் இருந்தது. வெளியே பேண்டு வாசித்துக்கொண்டிருந்தார்கள், கடைகள் திறந்திருந்தன, பிள்ளைகள் பலூன் வாங்கிக்கொண்டிருந்தார்கள். எதுவும் அழிந்துபோகவில்லை. அது சாதாரண நாள். சாதாரண நாளில் அதை உடைத்துவிட்டால் அந்த நாளுக்கு என்ன செய்வேன்? ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால் நாலு பேர் நடுக்கூடத்துக்கு வருவார்கள், அறையைப் பார்ப்பார்கள். ஸ்பிரேயைத் திரும்பத் துணியில் சுற்றி வைத்தேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். தேர் எங்கள் தெருமுனையைத் தாண்டியபோது நாலு ஐம்பது. அதற்குக் கொஞ்சம் முன்னால் அடங்கிவிட்டாள்.

அடக்கம் முடிந்து வந்தபோது, துக்க வீட்டில் அடுப்பு எரியக் கூடாது என்று ரோஸி சோறும் குழம்பும் கொண்டுவந்தாள். பதினான்கு டிரம் நெல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதைச் சாப்பிட்டேன். தட்டு கழுவ உள்ளே போனவள் அறையைப் பார்த்தாள். டிரம்மில் தன் பெயரைப் பார்த்தாள். பிறகு பிஸ்கெட் டப்பாவைத் திறந்தாள். அவள் உங்களிடம் வந்தது அதனால்தான். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை.

கொன்றேன் என்று எழுதிக்கொள்ள வேண்டுமென்றால் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒரு வேண்டுகோள் மட்டும். அந்த டப்பாவை வெயிலிலோ ஈரத்திலோ வைக்க வேண்டாம். கிறிஸ்டினாவுக்கு ஆறு மாதத்துக்குத் தாராளமாக வரும். ஸ்பிரே மூன்றும் பிரிக்காமல் இருக்கட்டும், சார். நிஜமான கஷ்டம் இன்னும் வரவில்லை.