நாற்பத்தொரு பிரதிகள்

எந்தப் புத்தகத்தையும் பின்பக்கத்திலிருந்து திறப்பது என் பழக்கம். முன்பக்கத்தில் பெயரை எழுதுவார்கள். மனத்தில் இருப்பதைப் பின்னால்தான் எழுதுவார்கள். மாவட்ட நூலகத்தில் இருபத்தாறு வருடம் இந்த வேலை பார்த்ததில் தெரிந்துகொண்டது.

நீங்கள் விசாரிக்க வந்திருப்பதால் முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஒரே பாட்டுப் புத்தகம் நாற்பத்தொரு பிரதி வந்தால் ஸ்கேன் செய்ய ஒன்று போதும். ஆனாலும் ஒவ்வொரு பிரதிக்கும் தனிப் பதிவு உண்டு. பார்கோடு ஒட்டி, கட்டு எப்படி இருக்கிறது, யாருடையது, பெயர் தவிரக் கையெழுத்துக் குறிப்பு ஏதும் இருக்கிறதா என்று நிரப்ப வேண்டும். கையெழுத்து இருந்தால் அந்தப் பிரதியும் தனியாக ஸ்கேனுக்குப் போகும். யார் வேண்டுமானாலும் வீட்டிலிருந்தே தேடிப் படிக்கலாம். கையெழுத்து இல்லையென்றால் 'கூடுதல் பிரதி' என்று குறித்து நீலத் தொட்டியில் போடுவேன். வெள்ளிக்கிழமை லாரி வந்து காகித ஆலைக்கு எடுத்துப்போகும். நான் பார்த்ததை மறுபடி யாரும் பார்ப்பதில்லை.

ஸ்கார்வோய் தீவிலிருந்த குழந்தைகள் இல்லத்தின் பாட்டுப் புத்தகங்கள் மார்ச் மாதம் வந்தன. இல்லத்தை மூடி நாற்பது வருடம் ஆகிறது. பதிவேடு எதுவும் மிஞ்சவில்லை. தேவாலயப் பரணில் கிடந்த இவற்றை மன்றாடி வரவழைத்தவர் ஆர்ன்யோட், ஓய்வுபெற்ற படகுத் தச்சர். அவருடைய தம்பி எய்லிவ் அந்த இல்லத்தில் வளர்ந்தான். அண்ணனை ஒரு பண்ணைக்கு அனுப்பியிருந்தார்கள். 1961 நவம்பரில், எய்லிவை டென்மார்க்கில் ஒரு குடும்பம் எடுத்துக்கொண்டதாக இல்லத்திலிருந்து கடிதம் வந்தது. அவனுக்கு அப்போது ஒன்பது வயது. அன்றுமுதல் ஆர்ன்யோட் டென்மார்க்குக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார்.

வியாழன்தோறும் வருவார். பழுப்புச் சீஸ் வைத்த ரொட்டியில் எனக்கும் ஒன்று கொண்டுவருவார்.

"என்ன குட்வெய்க், என் தம்பி கெடைச்சானா? இல்ல, நீயும் டென்மார்க்காரன் மாதிரி பதிலே போட மாட்டியா?"

"வரிசைப்படிதான் வரும் ஆர்ன்யோட். அவசரப்பட்டா எப்படி?"

"எனக்கென்ன அவசரம்? அவனுக்கு இப்ப அறுபது. தலை வழுக்கையா இருக்கும். அதைப் பாத்து ஒரு தடவை சிரிக்கணும். அவ்வளவுதான்."

இல்லத்தின் கண்காணிப்பாளர் என் அப்பா. ஆர்ன்யோட்டுக்கு அது தெரியாது. நான் கணவரின் குடும்பப் பெயரில் இருக்கிறேன். அப்பா கண்டிப்பானவர், கெட்டவர் அல்ல. தீவில் இன்றும் அவரை நல்லபடியாகத்தான் பேசுகிறார்கள். செத்துப் பத்தொன்பது வருடம் ஆகிறது. அவர் வந்து பதில் சொல்ல முடியாது.

இருபத்தேழாவது பிரதி யூஸ்டைன் என்ற பையனுடையது. கடைசித் தாளில் பென்சிலால் எழுதியிருந்தான். "எய்லிவ் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து உருளைக்கிழங்கு நிலவறையில் இருக்கிறான். திங்கட்கிழமை தட்டினோம், பதில் சொன்னான். செவ்வாய்க்கிழமை சொல்லவில்லை."

'கையெழுத்து இல்லை' என்று பதிந்தேன்.

மற்றவற்றிலும் எழுதியிருந்தார்கள். ஒரு பெண் தன் அம்மாவின் பெயரைப் பக்கம் முழுக்க எழுதியிருந்தாள். ஒருவன் வீட்டுப் பசுவை வரைந்து அதன் பெயரையும் போட்டிருந்தான். ஒன்றை மட்டும் விலக்கினால் யாராவது கவனிப்பார்கள். நாற்பத்தொன்றுக்கும் அதையே பதிந்து, ஒன்றின் அச்சுப் பக்கங்களை மட்டும் ஸ்கேன் செய்தபின், எல்லாவற்றையும் தொட்டியில் போட்டேன். பசு வரைந்த பிரதியைச் சற்று நேரம் கையில் வைத்திருந்தேன்.

தவறு அங்கேதான் நேர்ந்தது. லாரி போன மறு வாரம், பக்கத்து மேசையில் வேலை பார்க்கும் தூரி, கணினித் திரையில் என் பதிவுகளைப் பார்த்துக் கேட்டாள்.

"நாப்பத்தொரு புள்ளைங்க வருசக்கணக்கா வச்சிருந்த புக்கு. ஒருத்தன்கூட ஒரு மீசை வரையலையா? அதென்ன, தேவதைங்க படிச்ச இல்லமா?"

"ஒழுக்கமான இல்லம்" என்றேன்.

"அடேயப்பா. என் பொண்ணையும் ஒரு வாரம் அங்க விட்டிருக்கலாம்" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தி என்னையே பார்த்தாள். தலைமை நூலகரிடம் போனது அவள்தான். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை.

அதற்கு முந்தைய வியாழனன்றே ஆர்ன்யோட்டிடம் சொல்லியிருந்தேன். எந்தப் புத்தகத்திலும் எதுவும் இல்லை என்று. உடைந்துபோவார் என்று நினைத்தேன். அவர் முகம் மலர்ந்தது.

"அப்ப நெசமாவே டென்மார்க்லதான் இருக்கான். அவனுக்கு ஏதாவது ஆயிருந்தா கூட இருந்த பசங்க எங்கயாச்சும் கிறுக்கியிருப்பாங்கல்ல? நானே போய்த் தேடுறேன். இனிமே கடுதாசி கிடையாது."

மறுநாள் கப்பல் ஏறிவிட்டார். இப்போது அங்கே ஊர் ஊராக விசாரித்துக்கொண்டிருக்கிறார் என்கிறீர்கள். அவரிடம் எப்படிச் சொல்வது என்று என்னைக் கேட்கிறீர்கள். அறுபத்தைந்து வயதில் ஒருவருக்கு நிலவறையைக் கொடுப்பதா, வழுக்கைத் தலையோடு ஒரு தம்பியைக் கொடுப்பதா? நான் தம்பியைக் கொடுத்தேன்.

அந்தத் தாளில் இன்னொரு வரியும் இருந்தது. அந்தப் பிரதி இப்போது இல்லை, ஆகவே நான் சொன்னால்தான் உங்களுக்குத் தெரியும். "சாவி வைத்திருப்பவளிடம் மூன்று தடவை கேட்டோம். அவன் கண்காணிப்பாளரோடு படகில் போய்விட்டான் என்கிறாள்."

சமையல்காரியிடமும் அதையேதான் சொன்னேன். பிரார்த்தனையின்போது பேசியதற்காக அப்பா அவனை நிலவறையில் விட்டுப் பூட்டினார். மதியம் திறந்துவிடு என்று சாவியை என்னிடம் தந்துவிட்டுப் படகேறிப் பெர்கன் நகருக்குப் போனார். புதன்கிழமைதான் திரும்பினார். எய்லிவ், அப்பா பூட்டியதற்கு முந்தைய நாள், எல்லோர் முன்னாலும் என் பல்லைக் கேலி செய்திருந்தான். எனக்குப் பதினொரு வயது. அவனை எங்கே புதைத்தார் என்று அப்பா சொல்லவில்லை. நான் கேட்கவுமில்லை. டென்மார்க் கடிதத்தை அவர் எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எனக்காகத்தான் எழுதினார்.

ஆகவே, அப்பாவின் பெயரைக் காப்பாற்றத்தான் இதைச் செய்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள்.