மருந்துக்கு வில்லங்கம் பார்த்தது

ஹலோ... ஆமா ரீபா, அண்ணன்தான். சொல்லு... பத்தமடையில நிக்கேன், ஒரு அண்ணாச்சிக்கு மனை காட்டிட்டு இருக்கேன். உன் மவன் எப்படிட்டி இருக்கான்?... ம்... போட்ட மருந்து ஒண்ணுமே கேக்கலியா... டாக்டர் என்ன சொல்லுதாரு?

புது மருந்தா? நல்லதுதானே, போடச் சொல்லு... என்னது, அப்ரூவல் இல்லாத மருந்தா? ஏட்டி, வேண்டாம். அத மட்டும் தொடாத. எத்தன வருசமா மனை வித்துட்டு இருக்கேன், அப்ரூவல் இல்லாம வாங்குன ஒருத்தனாவது நிம்மதியாத் தூங்குதானா?

இல்ல அண்ணாச்சி, உங்க மனைக்கு அப்ரூவல் உண்டு. நான் மருந்தச் சொல்லுதேன். நீங்க அங்கன கல்லு நட்ட எடத்தப் பாருங்க. பைய போங்க, முள்ளு கெடக்கு.

ஆங், சொல்லு ரீபா... சரி, மனை வேற மருந்து வேறதான், கோவப்படாத... வெளிநாட்டு மருந்தா... அங்கயே இன்னும் சோதிச்சு முடிக்கலியா... வேற வழியில்லாத பிள்ளைகளுக்கு மட்டும் அரசாங்கத்துல கேட்டு முன்னாலயே குடுக்கலாமா... ஆமா, ஆமா, வெளங்குது... அனுமதியும் வாங்கி, மருந்தும் வந்துட்டா... வெல என்னமாம்?... சும்மாவா? ரீபா, சும்மா குடுக்க எடத்துல கண்டிப்பா ஓடைப் புறம்போக்கு இருக்கும். வில்லங்கம் பாத்தியா?... பக்கவிளைவா? அதத்தான் நாங்க வில்லங்கம்ங்கோம். சொல்லு... வாந்தி... சரி... காய்ச்சல்... ம்... ஈரலயும் பிடிக்குமா... வலிப்பு வேறயா...

போதும்ட்டி.

இந்த மருந்து எத்தன பிள்ளைகளுக்குக் கேட்டிருக்காம்?... பத்துக்கு நாலா. மத்த ஆறு?... ம்.

சரி, முழு அப்ரூவல் எப்ப வருமாம்?... ரெண்டு வருசமா? அப்ப பொறுப்பமே. ரெண்டு வருசம் கண்ண மூடித் தொறக்கதுக்குள்ள ஓடிரும்... என்னது... யாருக்கு... ரெண்டு மாசம்னு டாக்டரே சொன்னாரா?

...

அண்ணாச்சி, கொஞ்சம் பேசாம இருங்க. கெழக்குப் பாத்த மனைதான். இல்ல, அது மேற்கு... எனக்குத் தெரியல அண்ணாச்சி, சூரியனப் பாத்துக்கிடுங்க.

ரீபா. சம்மதக் கையெழுத்து எப்ப போடணும்?... இன்னைக்கேவா. கிங்ஸ்லி மாப்பிள்ள என்ன சொல்லுதாரு?... கப்பலுக்கு லைன் கெடைக்கலியா... அப்ப ஒத்தையிலயா நிக்க... அழாத. டாக்டர்ட்ட, அவரு சொந்தப் பிள்ளையா இருந்தா என்ன செய்வாருன்னு கேட்டியா?... குடுப்பேன்னாரா... ம்.

போடு. ஆமா, நான்தான் சொல்லுதேன், கையெழுத்தப் போடு. கேளு, பிள்ளைக்கு நல்லாச்சுன்னா அது நீ எடுத்த முடிவு. வேற மாதிரி ஆச்சுன்னா, அண்ணன் சொன்னான், போட்டேன்னு சொல்லிரு. மாப்பிள்ளட்டயும் சொல்லு, உன் மாமியார்ட்டயும் சொல்லு. ஏச்சு வாங்கி எனக்குப் பழக்கம்தான்...

என்னது... ஏற்கனவே போட்டுட்டியா? எப்ப?... காலையிலயேவா... மருந்து ஏறிட்டு இருக்கா... அப்ப எங்கிட்ட எதுக்குட்டி கேட்ட?

...

ம்... சரி... சரிம்மா... எனக்கும் பயமாத்தான் இருக்கு. நான் சொல்லித்தான் போட்டன்னே இருக்கட்டும். இந்தா, கெளம்பிட்டேன்... வையி... இல்ல, நீயே வையி ரீபா, எனக்கு வைக்க மனசு வரல.