கோடு திரும்பிய நாள்

கையெழுத்துப் போட மாட்டேன் சார். பாங்காக்லேர்ந்து இவ்ளோ தூரம் வந்ததுக்கு ஐஸ் போட்ட டீ வேணா தரேன், குடிங்க. ஆத்துல தண்ணி அளக்குற கம்பத்தத் தப்பாப் படிச்சுட்டேன்னு எழுதிக் கொண்டாந்திருக்கீங்க. பத்தொம்பது வருஷமா அதத்தான் படிக்கிறேன். அன்னைக்கும் சரியாத்தான் படிச்சேன்.

என்னது? அப்புறம் ஏன் வெள்ளம் வராதுன்னு சொன்னேனா? சொல்றேன், உக்காருங்க. அந்த நாற்காலி வேணாம், இன்னும் ஈரம் காயல.

காலையிலேர்ந்து மணிக்கு ஒரு தரம் பாத்தேன். பத்து சென்டிமீட்டர் ஏறுச்சு. அடுத்து பதினாலு. அடுத்து பத்தொம்பது. தாள்ல புள்ளி வச்சு இழுத்தா கோடு கிண்ணம் மாதிரி மேல வளையுது. ஊரே மூட்டை கட்டுது. அப்புறம் பதினஞ்சு. ஒம்பது. நாலு. ஏறிட்டுத்தான் இருக்கு, ஆனா கிண்ணம் கவுந்துடுச்சு. உங்க எஞ்சினியர் அதுன் ஐயா சொல்லிக் குடுத்ததுதானே? உயரத்தப் பாக்காத சம்ரான், ஏறுற வேகம் கூடுதா கொறையுதான்னு பாரு, கோடு எங்க திரும்புதோ அங்க பயம் போச்சுன்னாரு. ரெண்டாம் வகைக்கெழுன்னு அதுக்குப் பேரு வேற. நாலாங்கிளாஸ்காரன் வாயில அது வந்தா எவ்ளோ பெருமை! அந்தப் பெருமையிலதான் புத்தர் கோயில் மைக்கப் புடிச்சுக் கத்துனேன். கோடு திரும்பிடுச்சு, யாரும் போக வேணாம்னு. நூடுல்ஸ் கடைக்காரி மாலை இருக்காளே, சம்ரான் வாத்தியாராயிட்டாருடோய்னு சிரிச்சுக்கிட்டே அடுப்பத் திரும்பப் பத்த வச்சா.

கோடு ஏன் திரும்புச்சுன்னு நான் கேக்கல சார், அதான் என் தப்பு. மேல எட்டு கிலோமீட்டர்ல கரை ஒடஞ்சு ஆறு வயலுக்குள்ள எறங்கிடுச்சு. அதனாலதான் இங்க வேகம் கொறஞ்சுது. நான் ஆத்தயே மொறச்சுப் பாத்துட்டு நிக்கிறேன், தண்ணி வயல் வழியா ஊருக்குப் பின்னாடி வருது. கரை ஒடஞ்சத ஒரு போன் போட்டுச் சொல்ல உங்க ஆபீஸ்ல ஒருத்தருக்கும் தோணல. இப்ப என் அளவு தப்புன்னு நான் எழுதிக் குடுத்தா அந்தக் கரையக் கட்டுனவன் நிம்மதியாத் தூங்குவான், இல்ல?

அளவு தப்பில்ல. அப்படியே எழுதிக்குங்க.

ஆங்? என் வீட்ல யாரு இருந்தாங்கன்னா? சம்சாரம்தான், பேரு லம்துவான். நடக்க முடியாதவ. ரெண்டு பேரு தூக்கி மொத ஆளா படகுல உக்கார வச்சுட்டாங்க. கெளம்பட்டுமான்னு எனக்குப் போன் போட்டுக் கேட்டா. நான்தான் எறக்கிவிடச் சொன்னேன்.