ஆசானின் நெல்லுச்சாக்கு

ஸ்ரீகலா: …அப்பொ, களரியில இண்ணும் விழுந்தியளா?

சபரிநாதன்: விழல்ல. தரையில இருந்துட்டேன்.

ஸ்ரீகலா: இருக்கதுக்கும் விழுகதுக்கும் என்ன வித்தியாசம்?

சபரிநாதன்: பொறவு தூக்கிவிட எத்தன பேரு வேணுங்கதுலயாக்கும். இண்ணு ஒருத்தன் போதும்.

ஸ்ரீகலா: சிரிக்க வைக்காதிய… வாதம் வந்த பக்கம் இழுக்குது.

சபரிநாதன்: சிரி, சிரி. பாறசாலை முழுக்கச் சிரிக்குது, எனக்க பெண்டாட்டிக்கு மட்டும் என்ன? மொத நாளு ஈசாக் ஆசான் சொன்னாரு, வலதுகால் வச்சு ஏறணும், மண்ணத் தொட்டு நெத்தியில வைக்கணும்னு. குனிஞ்சேன். வயிறு சம்மதிக்கல்ல. எனக்க கால்முட்டத்தான் தொட்டேன்.

ஸ்ரீகலா: ஆசான் என்ன சொன்னாரு?

சபரிநாதன்: 'முட்டும் முக்கியந்தான், கும்பிட்டுட்டு வாரும்'னாரு.

ஸ்ரீகலா: ஐயே…

சபரிநாதன்: இப்பொ கை தரையத் தொடும். ஆனா அதுவே பழகிப்போச்சு. நேத்து பத்திரம் எழுதிக் கொண்டுபோனேன்லா, ரெஜிஸ்டர் ஆபீசு வாசல்லயும் தொட்டு நெத்தியில வச்சுட்டேன்.

ஸ்ரீகலா: ஆபீசுலயா!

சபரிநாதன்: சாரு பதறி எந்திரிச்சுட்டாரு. 'எந்தா சேட்டா, எந்தா காரியம்?'ன்னு. நான் என்னவோ சாதிக்க வந்திருக்கேன்னு நெனச்சாரு… சாயா கொள்ளாம், நல்ல ருசி கேட்டியா. சரோஜம் இண்ணு சீனி போடல்ல. வேலைக்கு வாற பிள்ளைக்கு எனக்க சுகர் நெனப்பு உண்டு.

ஸ்ரீகலா: ம்… களரிக்குப் போன பொறவு சுகரும் கொறஞ்சாச்சு, பிரஷரும் கொறஞ்சாச்சு. ராத்திரி கொறட்ட விட்டு ஒறங்குதிய.

சபரிநாதன்: கொறட்டையக் கூடயா நல்ல கணக்குல சேக்குத?

ஸ்ரீகலா: முந்தி ஒறங்காம மேல கூரையையே பாத்துட்டுக் கெடப்பிய. விடிஞ்சா எனக்க மேல விழுந்து கத்துவிய. அதுக்குக் கொறட்ட எவ்வளவோ மேலு.

சபரிநாதன்: ஆசான் காலடிச் சுவடு சொல்லும்போ வேற ஒண்ணும் நெனைக்க ஒக்காது. நெனச்சா விழுவேன்.

ஸ்ரீகலா: செரி… நெல்லுச்சாக்கு எதுக்கு?

சபரிநாதன்: எந்தச் சாக்கு?

ஸ்ரீகலா: ஆசானுக்க மருமவ ஜீனா வந்திருந்தா. எல்லாரும் சுவடு வைக்கும்போ ஒங்க ஆளு மட்டும் மூலையில ஒரு சாக்கக் கெட்டிப்பிடிச்சு இருந்து எந்திரிக்காருன்னா.

சபரிநாதன்: அது… இடுப்புக்கு நல்லதாக்கும்.

ஸ்ரீகலா: கள்ளம்.

சபரிநாதன்: சாயா ஆறுது.

ஸ்ரீகலா: சொல்லுங்க.

சபரிநாதன்: காரக்கோணம் ஆஸ்பத்திரியிலேருந்து ஒன்னக் கொண்டுவந்த அண்ணைக்கு, ஆட்டோவுலேருந்து நான்தான் பொக்கித் தூக்குவேன்னு வீம்பு பிடிச்சேன்… ரெண்டுபேருமா முற்றத்துல விழுந்து கெடந்தோம். நீ அழுது கரையக்கூட இல்ல. 'ஒங்களுக்கு அடிபட்டா'ன்னு கேட்ட.

ஸ்ரீகலா: அத இன்னும் நெனச்சிட்டா இருக்கிய…

சபரிநாதன்: அதுக்குப் பொறவு ஒன்னத் தொடவே பயம். சரோஜம் பிடிப்பா, நான் தள்ளி நிப்பேன். ஆம்பளன்னு மீசை வேற. ஆசான்ட்ட போயிச் சொன்னேன், வெட்டும் வேண்டாம் குத்தும் வேண்டாம், ஒரு ஆள விழாமப் பொக்கப் படிப்பிச்சுத் தந்தா போதும்னு. 'எவ்வளவு பாரம்?'னு கேட்டாரு.

ஸ்ரீகலா: எனக்க பாரத்த ஊரெல்லாம் சொல்லியாச்சா!

சபரிநாதன்: கொறச்சுத்தான் சொன்னேன்… ஏட்டீ, கரையாதே. ஆசான் இண்ணு செரின்னுட்டாரு. ஒருக்கப் பிடிக்கட்டா?

ஸ்ரீகலா: …பிடிங்க.

சபரிநாதன்: கட்டில் ஓரத்துக்கு வா. கைய எனக்க கழுத்துல போடு. முட்ட மடக்குதேன்… மூச்ச விட்டுட்டு… ஹூம்… ஏட்டீ! நிக்குத! பாரமே தெரியல்ல! ஈசாக் ஆசானே, வந்து பாரும், நானும் அப்பியாசியாக்கும்!

ஸ்ரீகலா: இனி விடுங்க.

சபரிநாதன்: விடமாட்டேன். செத்தாலும் விடமாட்டேன்.

ஸ்ரீகலா: விட்டாலும் விழமாட்டேன். பாரம் எப்பிடித் தெரியும்? நான் தன்னால எந்திரிச்சதாக்கும்.

சபரிநாதன்: என்ன சொல்லுத நீ?

ஸ்ரீகலா: நேத்து அம்பூரிக்குப் போன சரோஜம் இன்னும் வரல்ல. நீங்க குடிச்ச சாயா, சுவரப் பிடிச்சு நடந்துபோயி நான் போட்டது. கொஞ்ச நாளா நடக்கேன்… சொன்னா நீங்க களரிய விட்டுருவியன்னுதான் கட்டில்லயே கெடந்தேன்.