கையை இழுத்தது யார்?

வேப்பம்பட்டில் ரயில் ஏறிய ஒரு ஜோடி எனக்கு எதிரில் உட்கார்ந்தது. அவள் மடியில் நர்சிங் புத்தகம்.

"கையை இழுத்தது நான் இல்ல, முதுகுத்தண்டு" என்றாள்.

நான் கைப்பேசியைப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன்.

"நிச்சயதார்த்தத்துல, மாதா கோயில்ல, அத்தினி பேர் எதிர்ல நீ கையை இழுத்ததுல மோதிரம் உருண்டுகினு போச்சு. பொண்ணுக்கு இஷ்டமில்லையான்னு எங்கம்மா இன்னும் கேக்குது" என்றான் அவன்.

"நீங்கதான் கை தவறி மெழுகுவத்தியைத் தட்டுனீங்க. சுடு மெழுகு என் விரல்ல ஊத்துச்சு. சூடு பட்டா, நரம்பு வழியா சேதி முதுகுத்தண்டுக்குப் போவும். இழுன்னு அதுவே சொல்லிடும். மூளையைக் கேக்காது."

"அப்போ மூளை இன்னா பண்ணிகினு இருந்துச்சு?"

"அதுக்கு அப்புறமாதான் தெரியும். தெரிஞ்சதும்தான் கத்துனேன்."

"இதை எங்கம்மாகிட்ட நான் சொல்றதா?"

"படம் போட்டுத் தரேன், காட்டுங்க."

அவன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். பட்டாபிராம் தாண்டியதும் அவளே அவன் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"இது யாரு? இதுவும் முதுகுத்தண்டா?"

"இல்ல. இதுக்கு மூளையைக் கேட்டேன். ரொம்ப யோசிச்சுதான் சரின்னுச்சு."