நீர் பிரியாத வண்டி

"ஹலோ… ம், நான்தான்… கேக்குதுடா, கேக்குது. நீ கத்துற கத்துல தெருவுக்கே கேக்கும்… இல்ல, அவர் குளிச்சுட்டு இருக்கார். குளியலறையில தண்ணிச் சத்தம் நிக்கறதுக்குள்ள சொல்லி முடி."

நர்ஸம்மா வண்டிக் கொட்டகையின் தரையில், கிழிந்த மெத்தை விரிப்பு ஒன்றின் மேல் மல்லாந்து படுத்திருந்தாள். தலை காரின் முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் இருந்தது. இரண்டு கைக்கும் வேலை இருந்ததால், கைபேசியைக் காதோடு சேர்த்து வைத்து, மண்டைக் காயத்துக்குக் கட்டுப் போடுவதுபோலத் துணிச்சுருளால் இறுக்கிக் கட்டியிருந்தாள். மறுமுனையில் இருந்தவன் அவளுடைய தம்பி. வேறு ஊரில் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவன்.

"பியூஸா? அது நல்லாதான் இருக்கு, நேத்தே பாத்துட்டேன்… லிவரை இழுத்தா சத்தமே இல்லடா. ஒரு முனகல்கூட இல்ல… ஆமா, ஆமா, கண்ணாடிக்குத் தண்ணி அடிக்கற மோட்டார்தான் போயிருக்கு. நீ அனுப்பின பெட்டி வந்துடுச்சு. 'மருந்து'ன்னு எழுதினியே, அந்த மூளையை எங்கேருந்துடா வாங்கின?"

அவள் ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. இப்போது வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்குக் கட்டு மாற்றுகிறாள். பஸ் போகாத இடங்களில் பதினோரு பேர் அவளுக்காகக் காத்திருப்பார்கள். இருபத்திரண்டு வயதான அந்த வண்டி இல்லாவிட்டால் அவள் வீட்டோடு முடங்க வேண்டியதுதான்.

போன மாதம் ஒரு லாரி வாரி இறைத்த சேறு முன் கண்ணாடியை மூடிவிட்டது. தண்ணீர் அடிக்கும் லிவரை இழுத்தாள், ஒரு சொட்டு வரவில்லை. வைப்பர் சேற்றை இன்னும் அழகாகப் பூசிக்கொடுத்தது. வண்டி ஒரு குப்பைத் தொட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் விஷயம் தெரிந்த கணவருக்கு மூன்று நாள் தூக்கம் போயிற்று. அன்று முதல் அவர் அந்த வண்டியில் ஏறுவதில்லை. இன்று பதினோரு மணிக்கு வருடாந்திரச் சோதனை. தேறாவிட்டால் பழைய இரும்புக்குப் போட்டுவிட வேண்டும் என்றார். அவளும் கையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டாள். அவளுடைய வாய் அவசரத்தில் எதையும் ஒப்புக்கொள்ளும்.

"ஸ்டியரிங்கை முழுசா திருப்பிட்டேன்… சக்கரத்துக்குப் பின்னாடி இருக்கற பிளாஸ்டிக் தட்டுதானே? மூணு கிளிப்பையும் எடுத்தாச்சு. எதாலயா? தையல் பிரிக்கற இடுக்கியாலதான்… சிரிக்காதே. உன் கடையில இவ்வளவு சுத்தமான ஆயுதம் ஒண்ணு இருக்கா?… தொட்டித் தண்ணியா? பெரிய ஊசில உறிஞ்சிட்டேன். இருபது தடவை. என் முழங்கை வழியா சொட்டினது தனிக் கணக்கு…"

வீட்டுக்குள் தண்ணீர்ச் சத்தம் நின்றது. கொஞ்ச நேரத்தில் செருப்புச் சத்தம் கொட்டகைப் பக்கம் வந்தது. நர்ஸம்மா சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். அவளுடைய குரல் ஒரே மூச்சில் வார்டுக்குப் போய்விட்டது.

"சொல்லுங்க சிஸ்டர்!… ஆமாங்க சிஸ்டர். பேஷண்ட்டுக்கு வயசு இருபத்திரண்டு… பாவம், நீர் பிரியவே இல்ல… உன்னைத்தான், ச்சே, உங்களைத்தான் சொல்றேன் சிஸ்டர், புரிஞ்சுக்குங்க."

கணவர் தலையில் துண்டோடு வாசலில் நின்றார். தரையில் உட்கார்ந்து எந்த சிஸ்டரோடு பேச்சு என்று சைகையால் கேட்டார். அவள் கைபேசி கட்டியிருந்த தலையைத் தொட்டுக் காட்டி, உள்ளே வெக்கை, இங்கேதான் குளுகுளுவென்று இருக்கிறது என்று பதிலுக்கு விசிறிக் காட்டினாள்.

"டியூப் போட்டிருக்கா, இல்லையா?… ரெண்டு டியூபா? ரெண்டையும் உருவிடுங்க. மெதுவா, கிழிச்சுடாதீங்க, அப்புறம் எல்லாம் படுக்கையிலதான் போகும்… அடியில ரப்பர் வளையம் இருக்கும், அதையும் நெம்பி எடுத்துடணும், பழசு வேண்டாம்…"

கணவரின் முகம் சுண்டிப்போயிற்று. ஆஸ்பத்திரி சமாச்சாரம் என்றாலே அவருக்குக் குமட்டும். வந்த வழியே வேகமாகத் திரும்பினார்.

"போயிட்டார்டா… இரு, நானும் சிரிச்சுக்கறேன்… நீ எதுக்குடா 'சரிங்க மேடம்'னு சொன்ன? என் வயிறு குலுங்கினது அவருக்குத் தெரிஞ்சிருக்கும்… சரி, விடு. ப்ளக்கைக் கழட்டிட்டேன். மோட்டார் கையில வந்துடுச்சு. அடடா, இதுக்குள்ள என்னடா, ஒரே பாசி… ஆமா, செத்துதான் போச்சு. நாடி இல்ல."

புதிய ரப்பர் வளையத்தைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துத் தொட்டியின் ஓட்டையில் அழுத்தினாள். புது மோட்டாரை அதன் மேல் வைத்துக் கட்டைவிரலால் தள்ளினாள். நாற்பது வருடம் நரம்பு தேடிய விரல். ஒரே தள்ளலில் 'பொளக்' என்று போய் உட்கார்ந்தது.

"உக்காந்துடுச்சு!… இப்ப குழாயா? வெள்ளைக் கோடு போட்டது முன் கண்ணாடிக்கு, அது மோட்டாரோட மேல் மூக்குல. கோடு இல்லாதது பின் கண்ணாடிக்கு, அது கீழ் மூக்குல… தெரியுதுடா. ஒரே விஷயத்தை எத்தனை தடவை சொல்லுவ?"

அவள் இரண்டு குழாயையும் கையில் பிடித்து மாறி மாறிப் பார்த்தாள். வீட்டுப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல… இருக்கேன், லைன்லதான் இருக்கேன். யோசிச்சேன்… மாட்டிட்டேன். ரெண்டையும் மாட்டிட்டேன்."

தட்டைத் திரும்பப் பொருத்தி, தொட்டியில் தண்ணீர் நிரப்பி, அவள் ஓட்டுநர் இருக்கையில் ஏறியபோது கணவர் மறுபடி வந்தார். இந்தத் தடவை வெளுத்த சட்டையும் கையில் காகித உறையுமாக. வண்டி அவர் பெயரில் இருந்ததால் கையெழுத்து அவர்தான் போட வேண்டும். சோதனைக்குத் தனியாக வந்துவிடுவேன், ஆனால் இந்த வண்டியில் வரமாட்டேன் என்று முந்தின நாளே சொல்லியிருந்தார். கிளம்புவதற்கு முன்னால், படிவத்தில் இருக்கும் எண்ணும் வண்டியில் இருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று பார்க்கப் பின்பக்கம் போய்க் குனிந்தார். ஓர் அச்சகத்தில் முப்பத்தொரு வருடம் புரூஃப் பார்த்தவர் அவர். மருந்துச் சீட்டைக் கையில் கொடுத்தாலும் முதலில் எழுத்துப்பிழையைத்தான் பார்ப்பார்.

நர்ஸம்மா பின்புறம் காட்டும் கண்ணாடியில் அந்தக் குனிந்த தலையைப் பார்த்தாள். சாவியைத் திருப்பினாள். முன் கண்ணாடிக்கான லிவரைத் தன் பக்கம் இழுத்தாள்.

புது மோட்டார் 'விர்ர்' என்றது. முன் கண்ணாடி காய்ந்தபடியே கிடந்தது. பின்னால் 'ஐயோ' என்று ஒரு சத்தம்.

"அடிச்சுடுச்சுடா!… வேகமா? கேக்காதே. பின்னாடி இருக்கற அந்த மூக்கு கோணலா இருக்கு போல, கண்ணாடியைத் தாண்டி அவர் மண்டைக்கே போயிடுச்சு… ஆமா, உங்க மாமா மண்டைக்குத்தான். சட்டை, காகிதம் எல்லாம்… ஐயோ, வர்றார். வர்றார்டா. வெச்சுடாதே, தைரியத்துக்கு இரு."

மூக்குக் கண்ணாடியில் தண்ணீர் வழிய அவர் ஓட்டுநர் கதவுக்கு வந்து நின்றார். மறுபடி அந்த லிவரை இழுக்கச் சொன்னார். இழுத்தாள். முன் கண்ணாடியைப் பார்த்தார், பின் கண்ணாடியைப் பார்த்தார். அவருடைய புருவம் நெரிந்தது. வரியில் இடம் மாறி விழுந்த சொல்லைப் பார்க்கும்போது நெரிகிற மாதிரி. பிறகு உறையை அவள் மடியில் போட்டுவிட்டு, வெளுத்த சட்டையோடு விரிப்பில் படுத்தார்.

அவள் சத்தமில்லாமல் இறங்கிக் கொட்டகையின் மூலைக்குப் போனாள். வாயைக் கையால் மூடிக்கொண்டாள்.

"டேய்… படுத்துட்டார். அவரேதான். தட்டைக் கழட்டறார்… என்னது, தப்பா மாட்டிட்டேனா? உங்கக்காவா? நாற்பது வருஷத்துல ஒரு டியூபை மாத்திச் சொருகியிருக்கேனா நான்?… ஆமா. வேணும்னேதான்… பின்னே? நான் எல்லாத்தையும் சரியா செஞ்சு வெச்சா, அவர் நூறு குத்தம் கண்டுபிடிச்சு இரும்புக்கடைக்கு அனுப்புவார். பிழையை வெச்சுட்டா அவரால திருத்தாம இருக்க முடியாதுடா. கை அரிக்கும். அவரே திருத்தினதை அவரே தூக்கிப் போடுவாரா?… பாவம்தான். எனக்கும் பாவமாத்தான் இருக்கு. மூணு நாள் தூங்கல மனுஷன்…"

வண்டிக்கு அடியிலிருந்து இடுக்கி எங்கே என்று கேள்வி வந்தது. ஓடிப்போய்க் கொடுத்தாள். ஐந்து நிமிடத்தில் அவர் எழுந்தார். கையெல்லாம் கறுப்பு. அவள் ஏறி லிவரை இழுத்தாள். முன் கண்ணாடியில் இரண்டு பக்கமும் தண்ணீர் எழுந்து விசிறியாக விரிந்தது. வைப்பர் ஒரு தடவை போய் வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கணவரின் முகம் பளிச்சென்று தெரிந்தது. அவர் சிரிக்கவில்லை. ஆனால் இன்னொரு தடவை என்று விரலைக் காட்டினார். அவள் இழுத்தாள். இன்னொரு தடவை என்றார்.

பிறகு சுற்றி வந்து பக்கத்துக் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தார். ஒரு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக. ஈரச் சட்டையின் மேல் சீட் பெல்ட்டை இழுத்து மாட்டி, இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார்.

"ஏறிட்டார்டா… ஆமா, இங்கதான், பக்கத்துலயே… தேறலன்னாவா? இரு, கேக்கறேன். ஏங்க, இன்னிக்கு ஒருவேளை தேறலன்னா?… டேய், என்ன சொல்றார் தெரியுமா? என்னென்ன திருத்தணும்னு வரிசையா எழுதி வாங்கிட்டு வந்துடலாமாம்… அழல, கண்ணுல சோப்புத் தண்ணி… சரி, வைக்கறேன். இல்லடா, அப்புறம் பேசலாம். ஓட்டும்போது தலையில போனைக் கட்டிக்கிட்டுப் பேசினா இறங்கிடுவேங்கறார்."